ஆமைக்கு இருட்டு வேண்டும்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. 1985, ஆகஸ்டு பள்ளி விடுமுறை. இரவு நேரம். கேமரா வெளிச்சத்தில் கண்களைச் சுருக்கிக்கொண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, கவிழ்த்துப் போட்ட படகு போல் கறுப்பாகப் பளபளக்கும் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்திலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்திருக்கிறது. சிறுமி நான். கை அம்மாவுடையது. படகு போல் இருப்பது, முட்டையிடக் கரையேறிய ஓர் ஆமை. படம் எடுத்தவர் அப்பா.

அப்பா லாரி ஓட்டியவர். கிள்ளானிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு குவாந்தான், டுங்குன், கோலா திரெங்கானு வரை போவார். திரும்பி வரும்போது பலகாரம் எதுவும் இருக்காது. கெரோபோக் இருக்கும், சில சமயம் பிளாஸ்டிக் பையில் ஆமை முட்டை இருக்கும். பிங் பாங் பந்து அளவில், வெள்ளையாக, அமுக்கினால் குழி விழும் முட்டைகள். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அதன் வெள்ளைக்கரு கெட்டியாகாது. தோலை லேசாகக் கிழித்து, உப்பு மிளகு தூவி, அப்படியே உறிஞ்ச வேண்டும். அப்பாவுக்குப் பிடிக்கும். எனக்கு அந்த வழவழப்புப் பிடிக்காது. ஆனால் "உடம்புக்கு நல்லது" என்று ஒன்றாவது வாயில் போட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் கோலா திரெங்கானுவின் பாசார் பாயாங் சந்தையில் கோழி முட்டையைப் போலவே அதையும் குவித்து வைத்து விற்பார்கள். யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை.

அந்த விடுமுறையில்தான் அப்பா எங்களை ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு அழைத்துப் போனார். இருட்டில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். எங்கே பார்த்தாலும் டார்ச் வெளிச்சம். "நாயிக், நாயிக்" என்று யாரோ கத்தினார்கள், ஏறி வருகிறது என்று. எல்லாரும் ஓடினோம். அது ஒரு மனிதனைவிடப் பெரியது. மூச்சு விடும்போது மாடு பெருமூச்சு விடுவதுபோல் சத்தம் கேட்டது. அது முட்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே, உரிமம் வாங்கியவர் பின்னால் மண்டியிட்டு, விழ விழ முட்டைகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பையன் முதுகில் ஏறினான். பிறகு இன்னொருவர். பிறகு நான்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்கிறாள். சென்ற ஆண்டு தீபாவளிக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது அந்த ஆல்பம் அவள் கையில் கிடைத்தது. "அம்மா, நீ பென்யு பெலிம்பிங் மேல ஏறி உட்கார்ந்தியா?" என்றாள். குரலில் ஆச்சரியம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. அப்பாதான் பதில் சொன்னார்: "அப்ப எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க, கண்ணு. யாரும் தப்புன்னு சொல்லல." அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, ரெடாங் தீவில் ஆமைக் காவலுக்குத் தொண்டூழியர்களாக நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன் என்றாள். ஜூன் மாதம், ஒரு வாரம்.

இப்படித்தான் கிளம்பினோம்.

மலாய்க்காரர்கள் இந்த ஆமையைப் 'பென்யு பெலிம்பிங்' என்கிறார்கள். பெலிம்பிங் என்றால் நட்சத்திரப் பழம். முதுகில் நீளவாக்கில் ஓடும் வரப்புகளைப் பார்த்து வைத்த பெயர். தமிழகக் கடற்கரை மீனவர்களும் அந்த வரப்புகளைப் பார்த்துத்தான் 'ஏழுவரி ஆமை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். மற்றக் கடலாமைகளுக்கு இருப்பதுபோல் கெட்டியான ஓடு இதற்குக் கிடையாது. தோல் போர்த்திய முதுகு. உலகிலுள்ள ஆமைகளிலேயே பெரியது இதுதான். எடை 500 கிலோவைத் தாண்டுவதும் உண்டு.

1950-களில் இந்தத் திரெங்கானு கரையில் ஓராண்டில் 10,000-க்கும் மேற்பட்ட ஏழுவரி ஆமைக் கூடுகள் பதிவாகியிருக்கின்றன. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கிவிட்டது. இப்போது பல ஆண்டுகளாக ஒன்றும் வராத பருவங்களே அதிகம். உங்கள் பணப்பையில் 20 ரிங்கிட் தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு ஆமைகள் இருக்கும். ஒன்று அழுங்காமை. மற்றொன்று ஏழுவரி ஆமை. திரெங்கானு காற்பந்துக் குழுவின் செல்லப்பெயரும் ஆமைதான். பணத்தாளிலும் சட்டையிலும் இருக்கிறது, கரையில் இல்லை.

கிழக்குக்கரை நெடுஞ்சாலை வந்த பிறகு கிள்ளானிலிருந்து திரெங்கானு அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை. அப்பா பத்து மணி நேரம் ஓட்டிய பாதையை நாங்கள் இடையில் தேநீரும் குடித்துப் பாதியில் கடந்தோம். ஆனால் டுங்குனை நெருங்கும்போது மகளிடம் பழைய கடற்கரைச் சாலையில் போகலாம் என்றேன். ரந்தாவ் அபாங் டுங்குனுக்கு வடக்கே ஏறக்குறைய அரை மணி நேரத் தொலைவு.

பகல் மூன்று மணி. கடற்கரையில் யாரும் இல்லை. சாய்வான, ஆழமான, சொரசொரப்பான மணல். சில அடி இறங்கினாலே கடல் ஆழமாகிவிடுகிறது. கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் ஊர்ந்து வர வேண்டியதில்லை என்பதாலேயே ஏழுவரி ஆமைகள் இந்த இடத்தை விரும்பின என்பார்கள். சவுக்கு மரங்கள் அதே இடத்தில்தான் நிற்கின்றன என்று நினைக்கிறேன். ஏழு வயதில் பார்த்ததை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு வயதான மலாய்க்காரர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். "ஆமை வருமா, பாக்சிக்?" என்று கேட்டேன். சிரித்தார். "எப்போதாவது பச்சை ஆமை வரும். பெலிம்பிங்கா? என் பேரனுக்கே அது படத்தில்தான் தெரியும்."

என்ன நடந்தது என்பது இன்று நன்றாகவே தெரியும். பல பத்தாண்டுகளாக இட்ட முட்டைகளில் பெரும்பகுதி சந்தைக்குப் போனது. 1951-லேயே இங்கு ஆமைச் சட்டம் இருந்தது. ஆனால் அது முக்கியமாக முட்டை எடுக்கும் உரிமத்தை ஒழுங்குபடுத்திய சட்டம். முட்டை குறைந்தாலும் தாய் ஆமைகள் வந்துகொண்டே இருந்ததால் ஆபத்து கண்ணில் படவில்லை. ஒரு கடலாமை பெரிதாகி முட்டையிட வருவதற்கே ஆண்டுகள் பல ஆகும். இன்று தின்னும் முட்டைக்கான கணக்கு ஒரு தலைமுறை கழித்துத்தான் வரும். வந்தபோது மொத்தமாக வந்தது. போதாததற்குப் பெரிய கண்ணி வைத்த திருக்கை வலைகளிலும் இழுவைப் படகுகளிலும், தொலைதூரக் கடலில் மைல்கணக்கில் விரித்த மிதவை வலைகளிலும் தாய் ஆமைகள் சிக்கி மூழ்கின. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டும். வலையில் மாட்டினால் வர முடியாது.

இதுவரை கேட்டால் பேராசைக் கதை என்று தோன்றும். ஆனால் என்னை உறுத்துவது அதற்கு அடுத்த பகுதி. காப்பாற்ற முயன்றவர்களும் இருந்தார்கள். முட்டைகளில் ஒரு பங்கை வாங்கி, வேலி போட்ட வெட்டவெளி மணலில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விட்டார்கள். ஆண்டுக்காண்டு ஆயிரக்கணக்கில் விட்டார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவுசெய்கிறது. சுமார் 29 பாகை செல்சியசுக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள். கீழே இறங்கினால் ஆண் குஞ்சுகள். நிழலே இல்லாத பொரிப்பகத்தில் மணல் சூடாக இருந்தது. 1990-களில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, அங்கே பொரித்த குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே பெண் என்று தெரியவந்தது. ஆண் இல்லாமல் பெண் மட்டும் கடலுக்குப் போய் என்ன செய்யும்? ரந்தாவ் அபாங்கில் ஆமையைத் தின்றவர்களும் தொட்டார்கள், ரசித்தவர்களும் தொட்டார்கள், காப்பாற்ற வந்தவர்களும் தொட்டார்கள்.

மகள் மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கைப்பேசியில் வரைபடம் பார்த்து, "மெராங் படகுத்துறைக்கு இன்னும் ரெண்டு மணி நேரம்" என்றாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திரெங்கானுவில் மாராங் என்று ஓர் ஊர், மெராங் என்று ஓர் ஊர். மாராங் தெற்கே, காப்பாஸ் தீவுக்குப் படகு ஏறும் இடம். மெராங் வடக்கே, ரெடாங்குக்குப் படகு ஏறும் இடம். தவறான படகுத்துறையில் போய் நிற்பவர்கள் கதையைத் தங்குவிடுதிக்காரர்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். நாங்களும் மாராங்கில் ஒரு முறை நிறுத்தி வழி கேட்டுவிட்டுத்தான் போனோம்.

ரெடாங் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாசிர் பாஞ்சாங் கடற்கரையும் உல்லாச விடுதிகளும்தான். நாங்கள் போன இடம் தீவின் வடகோடியில், காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒளிந்திருக்கிற சாகார் ஹுத்தாங். சில நூறு மீட்டர் நீளமுள்ள சிறு கடற்கரை. சாலை கிடையாது. சுற்றுப்பயணிகளுக்கு அனுமதி கிடையாது. மலேசியா திரெங்கானு பல்கலைக்கழகத்தின் கடலாமை ஆய்வுப் பிரிவினர் அங்கே ஒரு சிறு நிலையம் வைத்திருக்கிறார்கள். டாக்டர் சான் எங் ஹெங், டாக்டர் லியூ ஹோக் சார்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் தொடங்கிய வேலை இது. அதற்கு முன் இந்தக் கடற்கரையின் முட்டைகளும் சந்தைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. பிறகு மாநில அரசு இதை ஆமைச் சரணாலயமாக அறிவித்தது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் யாரையும் நெருங்க விடாது. மற்ற மாதங்களில் மாணவர்களும் காவலர்களும் எங்களைப் போன்ற தொண்டூழியர்களும் மாறி மாறி இருக்கிறார்கள்.

இங்கே வருவது பெரும்பாலும் பச்சை ஆமை. தமிழில் பேராமை என்பார்கள். அழுங்காமையும் எப்போதாவது வரும். ஏழுவரி ஆமை இல்லை.

முதல் நாள் மாலை, நிலையத்தின் ஆய்வு மாணவி விதிகளைச் சொன்னார். இருபத்தைந்து வயது இருக்கும், தலைத்துணி கட்டிய மெல்லிய பெண். கறுப்பு உடை. வெள்ளை விளக்கு கூடாது. தேவையானால் சிவப்பு விளக்கு, அதுவும் அவர்கள் சொல்லும்போது மட்டும். ஆமையின் முன்னால் போகக் கூடாது. பேச்சு கிசுகிசுப்பாகக்கூட வேண்டாம். கைப்பேசி அறையிலேயே இருக்கட்டும். "நாம் அதற்கு உதவி செய்யப் போகவில்லை. அதைத் தொந்தரவு செய்யாமல் இருக்கப் போகிறோம்" என்றார். முட்டையிட்ட கூட்டையும் இங்கே பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அலை எட்டும் இடத்தில் இட்டால் மட்டும் மேலே மாற்றுகிறார்கள். உடும்பு தோண்டாமலிருக்க மேலே வலை போட்டு, எண் எழுதிய குச்சி நடுகிறார்கள். அவ்வளவுதான். வெயில் மணலில் ஒரு கூடு, மர நிழலில் ஒரு கூடு என்று தாய் ஆமை தானே தேர்ந்தெடுக்கிறது. ஆணும் பெண்ணும் அதுவாகவே கலந்து வரும். ரந்தாவ் அபாங்கில் கற்ற பாடம் இங்கே நடைமுறையாகியிருக்கிறது.

முதல் இரவு பதினொன்றரைக்கு வந்தது. முதலில் அலையின் விளிம்பில் ஒரு பாறை இருப்பதுபோல் தெரிந்தது. அங்கே பாறை கிடையாது என்று எனக்கு உறைக்கவே சில நொடி ஆனது. பாறை நகர்ந்தது, நின்றது, மூச்சு விட்டது, நகர்ந்தது. நாங்கள் ஆறு பேரும் மணலில் குப்புறப் படுத்திருந்தோம். அது மேலே ஏறிப் புதர் ஓரம் வர முக்கால் மணி நேரம். முன் துடுப்புகளால் மணலை வாரி எறிந்து, உடம்பு இறங்கும் அளவுக்குப் பள்ளம் தோண்டியது. என் முகத்தில் எல்லாம் மணல். அப்புறம் சத்தம் மாறியது. மாணவி கையசைத்ததும் பின்பக்கமாகத் தவழ்ந்து போனோம்.

பின் துடுப்புகளை நான் அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. 1985-இல் பார்த்திருக்க வேண்டும்; பார்க்கவில்லை. ஒரு துடுப்பு உள்ளங்கை போல் குழிந்து, குழிக்குள் இறங்கி, ஒரு கை மணலை அள்ளி மெதுவாக மேலே கொண்டுவந்து பக்கத்தில் வைக்கும். வைத்த மறுநொடி மற்றத் துடுப்பு அருகிலிருக்கும் தளர்ந்த மணலைச் சட்டென்று தட்டிவிடும், குழிக்குள் விழாமலிருக்க. பிறகு அது இறங்கும். மாறி மாறி, அவசரமில்லாமல், ஒரு சிந்தல் இல்லாமல். பாட்டி அரிசி புடைக்கும்போது கையில் இருக்கும் அந்த நிதானம். தன் பின்னால் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது. கண்ணால் பார்க்காமல் தோண்டுகிறது. குழி போதுமான ஆழம் வந்ததும் துடுப்பு வெறும் காற்றைத் துழாவியது. நிறுத்திவிட்டது. முதல் முட்டை விழுந்தது.

முட்டையிடத் தொடங்கிவிட்டால் பேராமை எளிதில் நிறுத்தாது. அதனால் அந்த நேரத்தில்தான் அளவெடுப்பார்கள், துடுப்பில் உள்ள உலோகப் பட்டையின் எண்ணைப் பார்ப்பார்கள். இந்த ஆமைக்கு எண் இருந்தது. முன்பே வந்து போனது. ஒரே பருவத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் பல முறை முட்டையிடும், பிறகு சில ஆண்டுகளுக்கு வராது. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில் ரெடாங்கில் முட்டையிட்ட பேராமைகள் தென்சீனக் கடலைக் கடந்து நெடுந்தூரம் போவது தெரிந்திருக்கிறது. ஆனால் முட்டையிட இங்கேதான் திரும்பி வரும். கண்ணிலிருந்து பசை போல ஏதோ வழிந்துகொண்டிருந்தது. அழுகை இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பை அப்படித்தான் வெளியேற்றுகிறது. அறிவியல் அப்படிச் சொல்கிறது. பக்கத்தில் படுத்துப் பார்க்கும்போது அறிவியல் கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வருகிறது.

பகல் வேலையைப் பற்றி யாரும் அழகாக எழுத முடியாது. குஞ்சுகள் வெளியேறிய பழைய கூடுகளைக் கையால் தோண்டி, கோதுகளை எண்ண வேண்டும்: எத்தனை பொரித்தது, எத்தனை பொரிக்கவில்லை, எத்தனை பாதியில் இறந்தது. கூழ் முட்டை உடைந்தால் வரும் நாற்றம் இரண்டு முறை குளித்தாலும் நகக்கண்ணில் இருக்கும். மருந்தியல் மாணவி முகம் சுளிக்காமல் முழங்கை வரை கைவிட்டாள். மூன்றாவது கூட்டின் அடியில் உயிரோடு ஒரு குஞ்சு சிக்கியிருந்தது. அதை அவள் கையில் வைத்திருந்த விதத்தைப் பார்த்தபோது, அவள் பிறந்த மருத்துவமனையில் அப்பா அவளை ஏந்தி நின்றது நினைவுக்கு வந்தது. சமையல் முறைவைத்து. என் முறை வந்த அன்று கையோடு கொண்டுபோன பருப்பும் புளியும் போட்டுச் சாம்பார் வைத்தேன். ஒரு பெரிய உடும்பு அடுப்படிப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

நான்காவது இரவைத்தான் எழுத வேண்டும். எழுதாமல் விடலாம் என்றும் யோசித்தேன்.

கிளம்பும் முன் அப்பா, "ஒரு படம் மட்டும் எடுத்துட்டு வாம்மா. இனிமே நான் எங்க போய்ப் பாக்கப் போறேன்" என்று சொல்லியிருந்தார். அவருக்கு 76 வயது, முழங்கால் வலி. அந்த இரவு கைப்பேசியை அறையில் வைக்காமல் மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் வராமல் ஒரே ஒரு படம், முட்டையிடத் தொடங்கிய பிறகு, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்றே காலுக்கு ஒன்று ஏறி வந்தது. எங்களுக்கு நேராக, பத்து மீட்டர் தொலைவில். பெரியது. நான் படுத்தபடியே தயாராக இருக்கலாம் என்று கைப்பேசியை மெல்ல வெளியே எடுத்தேன். விரல் எங்கே பட்டதோ, திரை முழு வெளிச்சத்தில் எரிந்தது. இரண்டு நொடி இருக்கும். மார்போடு அணைத்து மறைத்துவிட்டேன்.

ஆமை நின்றது. தலையைத் தூக்கியது. பிறகு ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்பி, வந்ததைவிட வேகமாக இறங்கிப் போனது. அலைக்குள் போன பிறகும் நாங்கள் யாரும் அசையவில்லை.

மகள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இருட்டில் தெரிந்திருக்காது. மாணவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தாப்பா, காக்" என்றார். பரவாயில்லை அக்கா என்று பொருள். எனக்கு அந்த நேரத்தில் 'அப்பா' என்றுதான் காதில் விழுந்தது. "வயிற்றில் முட்டையோடு அது எங்கேயும் போகாது. இன்றோ நாளையோ திரும்பி வரும். வரவில்லையென்றால் வேறு கடற்கரைக்குப் போகும்." வேறு கடற்கரை என்றால் எது என்று நான் கேட்கவில்லை. விளக்கு வரிசை எரியும் விடுதிக் கடற்கரைகள் தீவில் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பதிவேட்டில் அவர் நேரத்தையும் இடத்தையும் எழுதி, 'முட்டையிடவில்லை' என்று குறித்தார். காரணம் எழுதும் இடத்தில் 'வெளிச்சம்' என்று எழுதினார். யாருடைய வெளிச்சம் என்று எழுதவில்லை.

விடிந்ததும் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். மணலில் தடம் அப்படியே இருந்தது. ஏறி வந்த தடம், வளைந்த இடம், இறங்கிப் போன தடம். அதைப் படம் எடுத்தேன். அந்த வாரத்தில் நான் எடுத்த ஒரே ஆமைப் படம் அதுதான்.

ஐந்தாவது இரவு கைப்பேசியை மகளின் பையில் போட்டுப் பூட்டினேன். இரண்டு ஆமைகள் வந்தன. ஒன்று தோண்டிப் பார்த்துவிட்டு வேர் தட்டியதால் திரும்பிவிட்டது. மற்றொன்று, பெரியது, கடற்கரையின் மறுகோடியில் ஏறி, ஒரு பெரிய மரத்தின் நிழல் விழும் இடத்தில் முட்டையிட்டது. துடுப்பில் பட்டை இல்லை, புதிதாகப் போட்டார்கள். முந்தின இரவு திரும்பிய ஆமைதானா? முந்தின இரவு எண் பார்க்கும் தூரத்துக்கு அது வரவே இல்லையே. மாணவி மட்டும், "இருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல பெண்.

குடும்பத்தோடு ஆமை பார்க்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். சாகார் ஹுத்தாங் தொண்டூழியம் இரவு கண்விழிக்கவும் மணலில் கிடக்கவும் முடிந்த பெரியவர்களுக்கானது. பருவம் தொடங்குவதற்கு வெகு முன்பே பல்கலைக்கழகத்திடம் பதிந்துகொள்ளுங்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சபாவின் சண்டாக்கானுக்கு வடக்கே, சூலு கடலில் இருக்கும் ஆமைத் தீவுகள் பூங்கா வசதியானது. 1977-இல் பூங்காவான மூன்று தீவுகள்; சிலிங்கான் தீவில் இரவு தங்கலாம். அங்கேயும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, ஆமை வந்தால் காவலர் வந்து கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். எங்கே போனாலும், குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்கத் தருகிறோம் என்று சொல்லும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2022 ஜூன் 1 முதல் திரெங்கானுவில் எல்லா வகை ஆமை முட்டை விற்பனைக்கும் தடை. அதற்கு முன் ஏழுவரி ஆமை முட்டைக்கு மட்டும்தான் தடை இருந்தது, அதுவும் 1980-களின் கடைசியில், மிகத் தாமதமாக. இன்னும் யாராவது கடைக்குப் பின்னால் கூப்பிட்டுத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போனோம். கெரோபோக் பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"லாரி டயர் தடம் மாதிரி இருக்கு."

"ஆமாப்பா."

"இந்த இடத்துல திரும்பியிருக்கு." விரலால் வளைவைத் தொட்டார். லாரிக்காரர் கண்ணுக்கு அது தப்பவில்லை. "ஏன்?"

சொன்னேன். மகள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நாம அவ்வளவு வெளிச்சம் போட்டோமே. அது திரும்பலையே."

"அது முட்டை போட ஆரம்பிச்சிருச்சுப்பா. ஆரம்பிச்சா லேசுல நிறுத்தாதாம்."

"அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கு."

நான் பதில் சொல்லவில்லை. அம்மா கெரோபோக்கைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். அப்பா ஒன்றை எடுத்தார், கையிலேயே வைத்திருந்தார்.

"கடைசியா ஒண்ணு வந்துச்சுன்னியே. அது எத்தனை போட்டுச்சு?"

"எண்ணலப்பா. அங்க தோண்ட மாட்டாங்க. குஞ்சு வெளிய வந்த அப்புறம்தான் கோதை எண்ணுவாங்க." அந்தக் கூட்டை மகள் தத்தெடுத்துப் பணம் கட்டியிருக்கிறாள், கணக்கை எழுதி அனுப்புவார்கள் என்றும் சொன்னேன்.

"எப்ப?"

"ஐம்பது அறுபது நாள் ஆகும். ஆகஸ்டுல."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாள்காட்டியில் ஆகஸ்டு மாதத்தைப் புரட்டி, காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நடு வாரத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "கண்ணு, உன் ஆமைக்கு நம்பர் என்ன?" என்று கேட்டார்.